கறுப்பா, வெள்ளையா, சின்னதா

...கறுப்பு என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, கறுப்பு கேம் மெஷின்தான் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதே, துபாய் மாமா லுங்கிக்குள் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தது, ஆட்டத்தின் தட்டை மட்டும் வாங்கிச் செருகினால் ஓடிவிடும், ஆனால் அதன் கண்ட்ரோலரைப் பிடிக்க இரண்டு கை வேண்டும், இடப்பக்கம் ஒரு குச்சி, வலப்பக்கம் ஒரு குச்சி, நாலு பட்டன், மேலே விரலை மடக்கி அழுத்த இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு... இர்பானுக்கு இடது கையில் ஐந்து விரல், வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலில் பாதியும், ஆக ஆறரை. ஆறரை விரலுக்கு எது ஆகும் என்று பர்ஹானா பதினைந்து நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தம்பிக்கு ஒரு வீடியோ கேம் வாங்க இத்தனை ஆராய்ச்சியா என்று யாராவது கேட்டால் சிரிப்பார்கள், அவளுக்கே சில நேரம் சிரிப்பு வரும், வந்த வேகத்தில் போய்விடும். அத்தா இன்னும் பத்து நிமிஷத்தில் சேலத்திலிருந்து மறுபடி கூப்பிடுவார். அதற்குள் சொல்லியாக வேண்டும்.

மலைமேல் ஏரிக்கரையில் அவர்களுடைய மசாலாக் கடையில் அன்று கூட்டமில்லை, மத்தியானத்திலிருந்தே பனி இறங்கி எதிர்ச் சாரிக் கடைகளின் பெயர்ப்பலகைகளைக்கூட விழுங்கிவிட்டது, வெளியூர்க்காரர்கள் எல்லாம் லாட்ஜுக்குள் போர்வைக்குள் இருப்பார்கள், யார் வரப்போகிறார்கள் மிளகும் கிராம்பும் வாங்க... கடையின் பின்பக்கம் சாக்கின்மேல் உட்கார்ந்து இர்பான் முறத்தில் மிளகு ஆய்ந்துகொண்டிருந்தான். இடது கையால்தான். காம்பை ஒதுக்குவது, கல்லைப் பொறுக்குவது, முறத்தைச் சாய்க்கும்போது மட்டும் வலது மணிக்கட்டை அண்டக் கொடுப்பது, எல்லாம் பழகிவிட்டது, பதினோரு மாதத்தில் எதுதான் பழகாது என்று ஊரில் சொல்கிறார்கள், சொல்லட்டும், அவர்களுக்கென்ன. அவனுக்கு இருபத்துநாலு வயது. அவளுக்கு முப்பத்துமூன்று. அவனுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான் என்று அம்மா ஹலீமா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதைச் சொல்லும்போதெல்லாம் பர்ஹானா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

கால் மணி நேரத்துக்கு முன் அத்தா ஹனீபா கூப்பிட்டபோது பின்னால் பாட்டுச் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் கேட்டன, தலையில் வெள்ளைத் தொப்பியோடு அந்தக் கடையில் பொடியன்களுக்கு நடுவே அவர் நிற்பதை நினைத்தால் பாவமாக இருந்தது. "கண்ணு, மூணும் இருக்குதுங்கறான் கடைக்காரன். நீ எழுதிக் குடுத்த மாதிரியே கறுப்புக்கு ஒண்ணு, வெள்ளைக்கு ஒண்ணு, சின்னதுக்கு ஒண்ணு. வெள்ளையும் சின்னதும்னா மெஷினும் சேத்து வாங்கோணுமாம், வாங்கிக்கலாம் அதுக்கென்ன. எதுன்னு மட்டும் சொல்லு. அஞ்சு மணி பஸ்ஸ உட்டா அப்பறம் ராத்திரிதான் மேல வர முடியும்." பார்த்துச் சொல்கிறேன் அத்தா என்றாள். "பாக்கறதென்ன, பக்கத்துல இருக்கறவன்கிட்டக் கேளு, அவந்தானே ஆடப் போறான்" என்றார். எவ்வளவு சுலபம். அவந்தானே ஆடப் போறான்.

கேட்காமலா இருந்தாள்? போன வாரம், சோற்றுக்கு முன்னால், அவன் கரண்டியை இடது கையில் எடுக்கிற சமயம் பார்த்துக் கேட்டாள், அந்த ஓநாய் ஆட்டம் வந்துருச்சாமே, எந்த மெஷினுக்கு வாங்கட்டும் என்று. பனிமலையில் ஒருத்தன் ஒரு ஓநாயைக் கூட்டிக்கொண்டு ஏறுவானே, அந்த ஆட்டம். அதற்காக மூன்று வருஷம் காத்திருந்தவன் அவன், அடுத்த வருஷம் வருது, அடுத்த தீபாவளிக்கு வருது என்று அது தள்ளிக்கொண்டே போனபோது கம்பெனிக்காரனை வீட்டு ஆள்போலத் திட்டியவன். அன்றைக்குத் தலையைத் தூக்காமல், "நீயே பாத்துச் சொல்லுக்கா, உனக்குத்தான் தெரியும்" என்றான். உனக்குத்தான் தெரியும்... அவளுக்கு என்ன தெரியும்? மெஷின்களின் பெயர்கூட அவள் வாயில் நிற்பதில்லை, அதனால்தானே கறுப்பு, வெள்ளை, சின்னது என்று நிறத்தையும் அளவையும் வைத்து அடையாளம் வைத்திருக்கிறாள். யூடியூபில் ஒருத்தன் மூன்று திரையை வரிசையாக வைத்துக்கொண்டு இதில் பனி நல்லா விழுது நண்பா, அதில் ஓநாய் மயிர் தனித்தனியாத் தெரியுது நண்பா, கண்ண மூடிக்கிட்டுக் கறுப்பு வாங்குங்க நண்பா என்று முக்கால் மணி நேரம் கத்தினான், முழுசாகப் பார்த்தாள், இரண்டு தடவை பார்த்தாள். ஆறரை விரல்காரன் எதை வாங்குவது என்று அந்த நண்பன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெள்ளையில் ஒரு வழி இருக்கிறது, அதை அவளாகத் தேடிக் கண்டுபிடித்தாள், கை சரியில்லாதவர்களுக்கென்று உள்ளங்கை அகலப் பட்டன்கள் வைத்த பலகை ஒன்றை அதனோடு சேர்த்துக்கொள்ளலாம், மேசையில் வைத்து மணிக்கட்டால் தட்டினால்கூடப் போதும். படத்தைப் பார்த்தபோது நல்லதாகத்தான் தோன்றியது. பிறகு அந்தப் பலகையை வீட்டுக் கூடத்தில் அவன் முன்னால் வைப்பதை நினைத்துப் பார்த்தாள்... இந்தா, உனக்குக் கை இல்லை, அதனால் இது. அப்படித்தானே சொன்னதாக ஆகும்? சின்னதை ஒரே கையில் பிடித்து ஆடலாம், ஆனால் அதில் ஆட்டத்தையே சுருக்கி, குழந்தைகள் ஆடுகிற மாதிரி ஆக்கியிருக்கிறார்கள், ஓநாய் தானாகவே பாய்ந்து தானாகவே கடிக்குமாம், அவன் சும்மா நடந்துகொண்டிருந்தால் போதுமாம். மூன்று வருஷம் காத்திருந்தவனுக்கு அதைக் கொடுப்பதா? சரி, கறுப்பு. கறுப்பு என்றால் உனக்கு ஒன்றும் ஆகவில்லை, எப்போதும்போல ஆடு என்று அர்த்தம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் அதைச் சொல்வாள்? ரமலானுக்கு முன்னால் ஒரு நாள் கதவிடுக்கில் பார்த்தாள், கறுப்பின் கண்ட்ரோலரைத் தொடைமேல் நிறுத்தி, வலது கட்டைவிரலால் பட்டனை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான், அழுத்த அழுத்த அது சரிந்து சரிந்து விழுந்தது, ஏழெட்டு முறை விழுந்தபின் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு பீரோமேல் வைத்துவிட்டான். முடிச்சுப் போட முடியாமல் பல்லால் இழுத்தான்.

பல்லால். அதைவிட மோசமானதையெல்லாம் பார்த்தாயிற்று, ஆனால் அந்தப் பல் மட்டும் ஏன் மறக்கமாட்டேன் என்கிறது... ஆடி கழிந்து பெரியத்தா வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், பந்தியில் சஹன் வைத்தார்கள், ஒரு தாம்பாளம் பிரியாணியைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து கைவைத்துச் சாப்பிட வேண்டும், இவனை வாடா வாடா என்று இழுத்தார்கள், கூட்டாளிகள்தான், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அத்தனை பேர் தாம்பாளத்தில் எப்படி இடது கையை வைப்பான்? போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு வெளியே போனவன் பந்தல் கழிபோல வாசலிலேயே நின்றான், யாரும் கூப்பிடாத போனில் ஒரு மணி நேரம் பேசினான். அம்மா தூக்குவாளியில் வாங்கிவந்த பிரியாணியை வீட்டில் கரண்டியால் சாப்பிட்டான். அதிலிருந்து எந்தக் கல்யாணத்துக்கும் வருவதில்லை. துஆவுக்குக் கையேந்தும்போது வலது கையின்மேல் துண்டைப் போட்டுக்கொள்கிறான் என்று அத்தா சொன்னார், அல்லாஹ்விடமே மறைக்கிறான் என்றார்.

அன்றைக்கு நான் மட்டும்... இல்லை, வேண்டாம், இப்போது வேண்டாம், அத்தா கூப்பிடப் போகிறார். ஆனால் வேண்டாம் என்றால் நிற்கிற சங்கதியா அது? கொட்டச்சேட்டில் குத்தகைக்கு எடுத்த காபித் தோட்டம், மார்கழிப் பனி, பறித்த பழத்தை அன்றன்றைக்கே உரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப்போகும். உரிக்கிற மெஷின் பழசு, ஒரு குச்சி மாட்டினாலும் நின்றுவிடும், கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். அதனால் அந்தக் களத்தில் ஒரு வழக்கம், கையை விடுகிறவன் முதலில் போர்டிலிருந்து ப்யூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்வான், கட்டை பையில் இருக்கிற வரைக்கும் கை பத்திரம். சக்திவேலுதான் எப்போதும் செய்வான், அவர்களிடம் ஆறு வருஷமாக வேலை பார்த்தவன். அன்றைக்கு அவன் கொட்டையைக் காயப்போடக் கூடையோடு மேல் களத்துக்கு ஏறிக்கொண்டிருந்தான். கரண்ட் போயிருந்தது, மெஷினிலும் குச்சி மாட்டியிருந்தது. இர்பானே போய்க் கட்டையைப் பிடுங்கினான். அவன் ஈரப் பனியனோடு இருந்தான், பை இல்லை. டீ கொண்டுபோயிருந்த அக்காவிடம் நீட்டினான். "கைல வெச்சிருக்கா, சொல்றப்பக் குடு."

கையில்தான் வைத்திருந்தாள். வெள்ளைப் பீங்கான், உள்ளங்கையில் சில்லென்று இருந்தது. வைத்திருந்தால் என்ன? நாலு மணிக்குச் சாதிக் பாஷா கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார், சேலத்தில் ஜவுளிக்கடை, மனைவியை இழந்தவர், முதல் கல்யாணம் முறிந்து பிறந்த வீட்டில் கிடந்த அவளிடம் இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தவர், யாருக்கும் தெரியாது, அன்றைக்கு அத்தாவிடம் எப்போது வந்து பேசுவது என்று சொல்வதாக இருந்தார். போனில் இரண்டு சதவீதம் சார்ஜ். சார்ஜர் கொட்டகைப் பிளக்கில் தொங்கிக்கொண்டிருந்தது, அந்தப் பிளக்குக்கும் இதே கட்டைதான். பக்கத்துத் தோட்டத்து வீட்டில் ரேடியோ பாட ஆரம்பித்தது, கரண்ட் வந்துவிட்டது என்று தெரிந்தது, மெஷின் பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் கேட்டது, குச்சியை எடுத்துவிட்டான், கழுவுகிறான் என்று நினைத்தாள்... நினைத்தாளா? நினைத்ததாகப் பிறகுதான் நினைத்துக்கொண்டாளா? திரும்பி ஒரு தடவை பார்க்கக்கூட இல்லை. சொல்கிறபோது கொடு என்றவன் இன்னும் சொல்லவில்லையே என்று தோன்றவில்லை. போனுக்காகக் கட்டையைச் செருகினாள்.

அதன்பிறகு எல்லாரும் ஓடிவந்தபோது அவள் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தைதான், கரண்ட் வந்துருச்சு, கரண்ட் வந்துருச்சு... பொய் இல்லையே, வந்ததுதானே. மீதியை அவர்களே போட்டு நிரப்பிக்கொண்டார்கள். கட்டையைப் பிடுங்காமல் போய்விட்டான் சக்திவேலு என்று அத்தா சொன்னார், ஊரும் சொன்னது, அவள் சும்மா இருந்தாள். இர்பான் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான், திரும்பி வருவதற்குள் சக்திவேலைக் கணக்கு முடித்து அனுப்பியாகிவிட்டது. அடிபட்ட அதிர்ச்சியில் அதற்கு முன்னால் நடந்தது சில நிமிஷம் நினைவில்லாமல் போகலாம் என்று ஒரு டாக்டர் சொன்னாரே, அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் பதினோரு மாதமாகச் சோறு தின்கிறாள், தூங்குகிறாள், அவன் சட்டைக்குப் பட்டன் போட்டுவிடுகிறாள். அவன் ஒரு தடவைகூட அந்த நாளைப் பற்றிப் பேசியதில்லை. நினைவில்லை, அவ்வளவுதான். நினைவிருந்தால் சொல்லியிருக்க மாட்டானா? சாதிக் பாஷாவின் போனை அதன்பின் அவள் எடுக்கவே இல்லை, நாற்பது தடவை அடித்துப் பார்த்து அவரும் விட்டுவிட்டார், நல்ல மனுஷர்.

"ஏனுங்க கண்ணு, கடைல ஆளிருக்கீங்களா?" பனிக்குள்ளிருந்து காளியாயி படியேறி வந்தாள், மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட்டில் வேலை, வருஷா வருஷம் தான் வறுத்த காபிக்கொட்டையைத் துணிப்பையில் கொண்டுவந்து இங்கேதான் அரைப்பாள். பர்ஹானா போனைக் கல்லாமேல் கவிழ்த்துவிட்டு எழுந்தாள், கவிழ்க்கும்போது நேரத்தைப் பார்த்தாள், அத்தாவுக்கு இன்னும் நாலு நிமிஷம்... கொட்டையை அரவை மெஷின் வாயில் கொட்டிச் சுவிட்சைப் போட்டாள். சத்தத்துக்கு மேலே காளியாயி உரக்கப் பேசினாள், பேசாமல் இருக்கத் தெரியாதவள். "குப்பனூருக்குப் போயிருந்தனுங்க, தங்கச்சி ஊட்டுக்கு. நம்ம சக்திவேலப் பாத்தன். கல்லு ஒடைக்கறான், ஆளு நொம்ப எளச்சுப் போயிட்டான். காபி வேலைக்கு எந்த எஸ்டேட்லயும் எடுக்க மாட்டீங்கறாங்களாமுங்க, கையப் போக்கடிச்சவன்னு பேராயிப் போச்சுல்ல." பர்ஹானா தலையை ஆட்டினாள். கேட்காத மாதிரி ஆட்டியிருக்கலாம், கேட்ட மாதிரியே ஆடிவிட்டது. "இன்னும் அதையேதான் சொல்லீட்டிருக்கறான் கண்ணு. நான் கூடையத் தூக்கீட்டு மேல போறப்பத் திரும்பிப் பாத்தன், போர்டுல கட்டை இல்ல, சாமி சத்தியமா இல்லைன்னு. யாரு கேக்கறாங்க, சொல்லுங்க..."

பின்பக்கத்தில் முறம் நின்றது. மிளகு உருளும் சத்தம் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது என்பதே அது நின்றபோதுதான் தெரிந்தது. அவன் காதில் விழுந்திருக்கும், விழாமல் எப்படி இருக்கும், காளியாயியின் குரல் ஏரிக்கு அந்தப் பக்கம்வரை போகும்... விழுந்தால் என்ன, நினைவிருந்தால்தானே, நினைவில்லாதவனுக்கு அது சக்திவேலின் புலம்பல், அவ்வளவுதான். திரும்பிப் பார்க்கலாமா? பார்க்காமல் மெஷினின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மெஷின் முனகிக்கொண்டே நின்றது, கடை இருண்டது, தெருவே இருண்டது, பாதிக் கொட்டை வாய்க்குள் அடைத்துக்கொண்டு நின்றது. "போச்சா" என்றாள் காளியாயி. பர்ஹானா அடைப்பை எடுக்கக் கையை மெஷின் வாய்க்கு மேலே கொண்டுபோனாள், எத்தனையோ தடவை அப்படி எடுத்திருக்கிறாள், சின்ன மெஷின்தானே என்ற நினைப்பு, யோசிக்கவே இல்லை.

இர்பான் எழுந்து வந்தான். செருப்பில்லாத காலடி, அவளைக் கடந்து சுவர்ப் போர்டுக்குப் போனான், இருட்டில் தடவக்கூட இல்லை, இடது கையால் ப்யூஸ் கட்டையைப் பிடுங்கினான். வெள்ளைப் பீங்கான், அதே மாதிரி. அவள் அறியாமலே அவள் கை நீண்டது, வாங்கிக்கொள்ள, அக்கா கை, பழக்கம்... அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கட்டையைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பையை வெளியிலிருந்து ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான். "இப்பக் கைய உடுக்கா" என்றான், மெதுவாக, கோபம் துளியும் இல்லாமல். "கட்டை என்கிட்ட இருக்குது."

கையை விட்டாள். வேறென்ன செய்வாள்? கொட்டைகள் இன்னும் சூடாக இருந்தன, விரலுக்கு அடியில் இரும்புப் பல் தட்டுப்பட்டது, ஐந்து விரலும் அங்கே இருந்தன. எல்லாம் நினைவிருக்கிறது அவனுக்கு. எப்போதிலிருந்து? ஆஸ்பத்திரியில் கண் விழித்த அன்றிலிருந்தா? அத்தா சக்திவேலைத் திட்டியபோது கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தானே, தூங்குகிறான் என்று நினைத்தாளே, தூங்கவில்லையா? அப்படியானால் அந்த மனுஷன் கல்லுடைக்கப் போனதில் இவனுக்கும் பங்கு உண்டு, எனக்காக, நான் கேட்காமலே... பாசமா அது? இல்லை, நானாகச் சொல்லும்வரை பார்ப்போம் என்று பதினோரு மாதம் என் எதிரில் உட்கார்ந்து மிளகு ஆய்கிறானா? உனக்குத்தான் தெரியும் என்றானே. கறுப்பையும் வெள்ளையையும் பற்றி அவன் எப்போது கேட்டான், நான் அல்லவா அதைப் பிடித்துக்கொண்டு பதினைந்து நாள் தொங்கினேன்.

எதிர்க் கடையில் விளக்கு எரிந்தது. பிறகு பக்கத்துக் கடையில், பிறகு பனிக்குள் ஒவ்வொன்றாகத் தெரு முழுக்க. "கரண்டு வந்துருச்சுங்களே, உங்குளுக்கு மட்டும் வரலீங்களா?" என்று காளியாயி கூரையைப் பார்த்தாள். இர்பான் அவளுக்குத்தான் பதில் சொன்னான், கண் மட்டும் பர்ஹானாமேல் இருந்தது. "வருமுங்கக்கா. எங்கக்கா சொல்லட்டும், போட்டரலாம்." கல்லாமேல் கவிழ்ந்துகிடந்த போன் அதிர்ந்து நகர ஆரம்பித்தது, அதன் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தது, அத்தாதான், மூன்று பெட்டிகளையும் முன்னால் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று நிற்பார், எதுன்னு சொல்லு கண்ணு என்பார், அவர் கேட்டதற்கு வாயைத் திறந்தால் வேறு எதுவோதான் வரும்போல இருந்தது. போன் ஓய்ந்து மறுபடி அடித்தது. தம்பி பையின்மேல் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தான். பர்ஹானா மெஷினுக்குள்ளிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை.